தூண்டிலுக்குக் குத்தகை கிடையாது

போன வாரம் கார்த்திகா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற மீன்துறை அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் அவள். சின்ன ஏரியில் ட்ரவுட் மீன் பிடிப்பது எப்படி என்று யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதியதை யாரோ தமிழில் போட்டு, அது நாலு குழுக்களைச் சுற்றி அவளிடம் வந்திருக்கிறது. கூடவே குரலில் ஒரு செய்தி: "மேடம், ஞாயித்துக்கிழமை ஆனா பாண்டிச்சேரில இருந்தும் மெட்ராஸ்ல இருந்தும் பசங்க பைக்ல வந்துடறாங்க. கையில பெரிய பெரிய ராடு, ரீலு. ஒரு மீனும் மாட்டாம ஆபீஸுக்கு வந்து டிப்ஸ் கேக்கறாங்க. இத நம்ம ஏரிக்கு ஏத்த மாதிரி பத்து பாயின்ட்டா மாத்திக் குடுங்க மேடம்."

ட்ரவுட்டாம்! ஊட்டிப் பக்கம் குளிர்ந்த ஓடையில் வாழ்கிற மீன் அது. செஞ்சி வெயிலில் கொண்டுவந்து விட்டால் ஏரியில் இறங்கும் முன்பே பாதி வெந்திருக்கும், மசாலா தடவுவதுதான் பாக்கி. இதை அப்படியே அவளுக்குப் பதிலாகப் போட்டேன். "அதான் மேடம் உங்ககிட்ட கேக்கறேன்" என்றாள்.

சரி, எழுதுகிறேன். ஆனால் பத்து பாயின்ட் என்று என்னிடம் கணக்குக் கேட்கக் கூடாது, வருகிறபடிதான் வரும். ஏரியின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே கரை முழுக்க பைக் நிற்கும். செஞ்சியைத் தாண்டி, கரையில் நின்றால் ராஜகிரிக் கோட்டை முழுசாகத் தெரிகிற ஒரு சின்ன ஏரி. அதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எப்படிப் பிடிப்பது என்று கேட்கும் முன்னால் யார் பிடிக்கலாம் என்று கேட்க வேண்டும். அந்த ஏரியில் என் அம்மா தூண்டில் போடலாமா, கூடாதா என்று ஒரு காலத்தில் பிரச்சினை வந்தது. அதற்காக நான் என் வேலையையே பணயம் வைத்தேன். அதைச் சொல்லாமல் என்னிடம் டிப்ஸ் கிடையாது.

முதலில் நிழல். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். கண் கூசும், கூசட்டும். முதுகில் வெயிலை வாங்கிக்கொண்டு சொகுசாக உட்கார்ந்தால் உங்கள் நிழல் தண்ணீர் மேல் விழும், மீன் உங்களைப் பார்த்துவிட்டுப் போயே போய்விடும். அடுத்தது காற்று. காற்று எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறதோ அந்தக் கரைக்குப் போங்கள். பூச்சி, தூசி, மிதக்கிற தீனி எல்லாம் அங்கேதான் ஒதுங்கும், மீனும் அங்கேதான் வரும். எதிர்க்கரையில் புளியமரத்து நிழல் இருக்கிறதே என்று அங்கே போனால் நன்றாகத் தூங்கலாம், அவ்வளவுதான். பாட்டுப் போடாதீர்கள். மண் அதிர நடக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரைக் கரையில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு மீன் கிடைக்கக் கூடாது என்று நான் மனதாரச் சபிக்கிறேன்.

கெண்டைக்குச் சின்னத் தூண்டில் முள் போதும். பழைய சோற்றைத் தவிட்டோடு பிசைந்து மிளகளவு உருட்டி முள்ளில் வையுங்கள். கெண்டை ஒரேயடியாகக் கவ்வாது, தொட்டுத் தொட்டுப் பார்க்கும். தண்ணீரில் மிதக்கிற தக்கை அப்போது நடுங்கும். நடுங்கும்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை சாய்ந்து நகர ஆரம்பித்தால் இழுங்கள். கெளுத்திக்கு மண்புழு வேண்டும், அடித் தண்ணீர் வேண்டும், சாயங்காலமாக இருக்க வேண்டும். அதைப் பிடிப்பது பெரிதல்ல, முள்ளிலிருந்து எடுப்பதுதான் பெரிது. துடுப்புக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடிக்காவிட்டால் துடுப்பு முள் குத்திவிடும், கை வீங்கி ராத்திரி முழுக்கக் கத்துவீர்கள். ஜிலேபி மீனுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அது வெறும் முள்ளைக்கூடக் கடிக்கும். அதைப் பிடித்துவிட்டு செல்ஃபி எடுக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

விரால்தான் மீன். காலையிலும் சாயங்காலமும் கோரை ஓரத்திலும் அல்லி இலைகளுக்கு நடுவிலும் இருக்கும். அது தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்குகிற மீன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும், ஒரு வட்டம் விரியும். அந்த வட்டத்தின் மேலேயே போடாதீர்கள். தள்ளிப் போட்டு மெதுவாக அங்கே கொண்டுவாருங்கள். சின்னத் தவளையோ சின்ன மீனோ கோத்திருந்தால் போதும். கவ்வியதும் இழுக்கக் கூடாது. அது கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், நிற்கும், அப்புறம்தான் விழுங்கும். அதுவரை கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கத் தெரிந்தவருக்குத்தான் விரால்.

விராலைப் பிடிக்க இன்னொரு சுலபமான வழி உண்டு, அதைச் செய்யவே கூடாது. மழை விழுந்து புதுத் தண்ணீர் வந்த பிறகு விரால் குஞ்சு பொரிக்கும். தண்ணீரில் ஓர் இடம் மட்டும் செக்கச்செவேல் என்று நெளிந்துகொண்டிருக்கும், அத்தனையும் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பசிக்காகக் கடிப்பதில்லை, குஞ்சுக்கு ஆபத்து என்ற ஆத்திரத்தில் கடிக்கும். யார் வேண்டுமானாலும் அப்போது பிடித்துவிடலாம். அப்படிப் பிடிக்கிறவர் என் எதிரில் வர வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் பிறந்த காலனியே ஏரிக்கரையில்தான் இருக்கிறது. நைனா கல்லு உடைக்கப் போனார், அம்மா கழனி வேலைக்குப் போனாள். வேலை இல்லாத நாளில் அம்மா தூண்டிலை எடுத்துக்கொண்டு மதகுக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். பெயர் கன்னியம்மா. அவள் போட்டால் மீன் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் பத்தாவது முடித்து, எம்ப்ளாய்மென்டில் பதிந்து வைத்து, காத்திருந்து காத்திருந்து மீன்வள உதவியாளர் வேலைக்குக் கார்டு வந்தது. நேர்முகத்தில் கேள்வி கேட்பதோடு விடவில்லை, நீந்திக் காட்டச் சொன்னார்கள், வலை பின்னச் சொன்னார்கள், வீச்சு வலை வீசச் சொன்னார்கள். வந்ததில் நான் ஒருத்திதான் பெண். "நீ கடைசில வாம்மா, பாக்கலாம்" என்று ஓரமாக நிறுத்தினார்கள். கடைசி என்றால் சாயங்காலம் ஆகும், இருட்டிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். யார் பெயரையோ கூப்பிட்டபோது தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நான் தண்ணீரில் குதித்துவிட்டேன். அக்கரை போய்த் திரும்பி வந்து, நனைந்த துணியோடு வலையை வீசினேன். வட்டமாக விழுந்தது. வேலை கிடைத்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேறு, தொட்டி கழுவுதல், சேறு. செஞ்சிப் பக்கம் மாற்றலாகி வந்தபோதுதான் துரைசாமி சாரிடம் வந்து சேர்ந்தேன். ஆய்வாளர். ஒல்லியான ஆள். மொபெட்டில் வருவார், கரைக்குக் கீழேயே வண்டியை நிறுத்திச் செருப்பை அதிலேயே மாட்டிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். யாரையும் நீ என்று சொன்னதில்லை. லாரி கிளீனரையும் நீங்க என்பார், என்னையும் நீங்க என்பார். எங்கள் ஊரில் நரைத்த தலையோடு நடந்துபோகும் என் அம்மாவை நண்டு சிண்டெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் அது. "பச்சையம்மா, வாங்க" என்று அவர் முதல் நாள் கூப்பிட்டபோது, எனக்குப் பின்னால் யாரோ பெரிய அதிகாரி நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

ஏரியில் மீன்குஞ்சு விடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. விரல் நீளக் குஞ்சுகள், கட்லா, ரோகு, மிர்கால். ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் காலையில் லாரியில் வந்து இறங்கும். மற்ற இடங்களில் பையைக் கிழித்துக் கொட்டிவிட்டு டிபனுக்குப் போய்விடுவார்கள். சார் இருக்கும் இடத்தில் அது நடக்காது. கட்டியபடியே பைகளைத் தண்ணீரில் மிதக்கவிடச் சொல்வார். பைத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். நடுநடுவே கையை வைத்துப் பார்ப்பார். பிறகு கட்டை அவிழ்த்து, ஏரித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளிப் பைக்குள் விடுவார். அதற்கும் ஒரு நேரம். கடைசியில் பையின் வாயைச் சாய்த்துத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். குஞ்சு தானாகத்தான் வெளியே போக வேண்டும்.

டிரைவர் ஒருவர் பொறுக்க முடியாமல், "சார், தலைகீழா கவுத்துட்டுப் போலாம் சார்" என்றார்.

"நீங்க போயி டீ சாப்புட்டு வாங்க. இவங்களும் இப்பதான் வந்து இறங்கி இருக்காங்க, ஊரு புதுசு" என்றார் சார். மீனுக்கும் மரியாதை! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைப் பிடித்திருந்தேன். ஆனால் அவர் விட்ட குஞ்சுகள் செத்து மிதந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அந்த ஏரியின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏரி மீனை யாராவது குத்தகைக்கு எடுப்பார்கள். குஞ்சு விட்டு வளர்த்து, வலை போட்டுப் பிடித்து விற்பது அவர் பாடு. ஆனால் குத்தகை வலைக்குத்தான், தூண்டிலுக்கு இல்லை. கரையில் குடியிருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தூண்டில் போடலாம். அன்றைய குழம்புக்கு ஆனதும் எழுந்துவிட வேண்டும். விற்கக் கூடாது. இது எந்தக் காகிதத்திலும் கிடையாது. யாரும் மீறியதும் கிடையாது. ஒருத்தர் விற்றால் எல்லோருக்கும் போய்விடும் என்று காலனியில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ குத்தகைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள், யாரும் கேட்கவில்லை.

ஏகாம்பரம் கேட்டார். ஊருக்குள் நிலம், மோட்டார், ஆள் பலம் எல்லாம் இருக்கிறவர். அந்த வருடம்தான் முதல்முறையாக ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒரு நாள் காலையில் அம்மா ஒரு விராலைத் தூக்கிக் கரையில் போட்ட நேரத்தில் அந்தப் பக்கம் வந்திருக்கிறார். கழியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்துவிட்டார். "கன்னிம்மா, இனிமே இந்தப் பக்கம் ஒன்ன பாத்தேன், நடக்கறதே வேற" என்றாராம். "எப்பவும் போடறதுதானேங்க" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மீனையும் அவர் ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதோடு விட்டாரா? நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நான் ஒரு மேஜை தள்ளி வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், கவர்மென்ட்ல வேல செய்யறவங்க அம்மாவே ஏரில திருடறாங்க. நான் யாருகிட்ட போயி சொல்றது?"

"வலையா, தூண்டிலா?" என்று சார் கேட்டார்.

"தூண்டிதான். எதுவா இருந்தா இன்னா சார்?"

"என்ன மீனு?"

"விராலு."

"விரால் நீங்க விட்டதா?"

"நான் எதுக்கு விடறேன்? என் குஞ்செல்லாம் அதுதான் தின்னுது."

"அப்ப உங்க குஞ்ச தின்னற மீன அந்தம்மா புடிச்சிட்டுப் போறாங்க. நல்லதுதானேங்க?"

ஏகாம்பரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல சார். என் ஏரில நான் சொன்னாதான் கை வெக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். விஷயம் விரால் இல்லை என்று எனக்கு அப்போது உறைத்தது. காலனிக்காரி அவரைக் கேட்காமல் தூண்டில் போட்டாள் என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

மத்தியானம் மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. ஏகாம்பரம் அங்கேயும் பேசியிருக்கிறார். சார் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பச்சையம்மா, மேல இருந்து சொல்றாங்க. எங்க அம்மா இனிமே தூண்டில் போட மாட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. இதோட முடிஞ்சுடும்."

"எழுத மாட்டேன் சார்."

"அவசரப்படாதீங்க. யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார். நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

"எதுக்கு?"

"மீன் புடிக்க."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொந்த வேலைன்னு எழுதுங்க, போதும்" என்றார். நான் 'மீன் பிடிக்க' என்றே எழுதினேன். அவர் அதைப் படித்தார், கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் படிக்கட்டு வரை ஆள் தொங்கிக்கொண்டு போயின. நான் நடந்தே ஏரிக்குப் போனேன், அம்மாவை இழுத்துக்கொண்டு. அவள் வர மாட்டேன் என்றாள். அமாவாசையில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது என்று ஆரம்பித்தாள். அது சாக்கு என்று எனக்குத் தெரியாதா?

"நாளைக்கு வெச்சுத் தின்னலாம், வா" என்றேன்.

"ஒனக்கு வேல போயிடும்டி."

"போனா போவட்டும்."

"போனா போவட்டும்னு வுடற வேலையாடி அது? ஒன் நைனா கல்லு ஒடச்சு ஒடச்சு செத்தாரு. நம்ம சனத்துல எத்தினி பேரு கவர்மென்ட் சம்பளம் வாங்கறாங்க? ஒரு மீனுக்காவ அத வுடுவியா?"

"ஒரு மீனுக்காவ இல்லம்மா. அந்த ஆளு ஒன் கழிய ஒடச்சான். இன்னிக்கு நீ போலன்னா நாளைக்கு யாரும் போவ முடியாது. எனக்கு அந்தச் சம்பளத்துச் சோறு எறங்காது."

அம்மா என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் வந்தாள். புதுக் கழியை நான் முந்தின சாயங்காலமே வெட்டி வைத்திருந்தேன். மதகுக்குப் பக்கத்தில், வெயில் முகத்தில் அடிக்கிற மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். காலனியிலிருந்து யாரும் வரவில்லை. வீட்டு ஓரமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு பயம்.

ஏகாம்பரம் இரண்டு ஆட்களோடு வந்தார். "ஏய், நேத்து சொன்னது காதுல விழல?" என்று தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். நான் எழுந்து நின்றேன். "ஏய்னு யார கூப்பிடறீங்க? எங்க அம்மாவயா, என்னயா?" என்றேன். வார்த்தை தடித்துக்கொண்டிருந்தபோது மொபெட் சத்தம் கேட்டது. துரைசாமி சார் வெறுங்காலோடு கரை ஏறி வந்தார்.

"பச்சையம்மா, மேல இருந்து என்னய அனுப்பி இருக்காங்க. நீங்க எழுந்து வந்துட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அம்மாவின் தக்கை ஒரு முறை அசைந்து, சத்தமில்லாமல் உள்ளே போனது. மீன்துறையில் ஊறின மனிதர், தக்கை முழுகுவதைப் பார்த்த பிறகு அவரால் என்ன பேச முடியும்? குனிந்து, குரலைத் தாழ்த்தி, "இருங்கம்மா... இழுக்காதீங்க... விரால்தான். போவட்டும், விடுங்க... நிக்கட்டும்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சார், நீங்க யாரு பக்கம் நிக்கறீங்க?" என்று ஏகாம்பரம் கத்தினார்.

"சத்தம் போடாதீங்க, மீனு போயிடும்" என்றார் சார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அடுத்த நொடியே, "இப்ப!" என்றார்.

அம்மாவுக்கு அவர் சொல்ல வேண்டியதே இல்லை. அதற்குள் இழுத்துவிட்டாள். முழங்கை நீளம் இருந்தது, கரையில் விழுந்து புல்லில் துள்ளியது. ஏகாம்பரத்தின் ஆட்களில் ஒருவனே "அடேங்கப்பா" என்றான். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சனம் நாலு பேர், ஐந்து பேர் என்று கரைக்கு வர ஆரம்பித்தது. நான் இன்னொரு தவளையை எடுத்து நீட்டினேன். அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு தூண்டில் நரம்பைக் கழியில் சுற்றினாள்.

"ஆயிடுச்சுடி. கொழம்புக்கு இது போதும்" என்று எழுந்துவிட்டாள். இத்தனை ஆட்டத்துக்கு நடுவிலும் வழக்கத்தை மீறவில்லை. சார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எனக்கு மெமோ கொடுத்தார், அதில் தயவு தாட்சண்யம் இல்லை. ஏரியில் மீன் பிடித்தது உண்மையா என்று கேட்டிருந்தது. 'உண்மை. என் அம்மாவும் நானும் பிடித்தோம். இனியும் பிடிப்போம்' என்று பதில் எழுதிக் கொடுத்தேன். மேலே அனுப்பிய அறிக்கையில் சார் தன் பங்குக்கு, ஊழியர் அன்று விடுப்பில் இருந்தார், பிடித்தது ஒரு வேளைக் குழம்பு அளவு, கரையில் குடியிருப்போர் தூண்டில் போடுவது இந்த ஏரியின் பழைய வழக்கம் என்று எழுதியிருந்தார். வேலை போகவில்லை. ஆனால் வேறு மாவட்டத்தில் ஓர் அணைக்கு மாற்றல் போட்டார்கள். போனேன். போகும்போது சார், "தண்டனைன்னு நெனைக்காதீங்க. அங்கயும் தண்ணிதான் இருக்கு" என்றார். தண்டனை இல்லாமல் வேறென்ன? அப்போது சின்னதாக இருந்த என் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் இல்லை.

அறிக்கைக்குப் பிறகு ஏகாம்பரம் தூண்டில்களைத் தொடவில்லை. ஆத்திரத்தை விரால் மேல் காட்டினார். மழை விழுந்து குஞ்சு பொரிக்கிற நேரமாகப் பார்த்து வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்து, காவல் இருந்த தாய் விரால்களாகப் பார்த்துப் பிடிக்கச் சொன்னார். குஞ்சைத் தின்கிற மீனும் ஒழியும், காலனிக்காரர்களுக்கு விராலும் கிடைக்காது என்று அவர் கணக்கு. நாலைந்து நாளில் ஏரியில் விராலே இல்லை என்று ஆகிவிட்டது. தாயில்லாத குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் தின்று தீர்த்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஏரியில் ஜிலேபி பெருகியது. அப்படிப் பெருகும் என்று நானும் நினைக்கவில்லை, சாரும் நினைக்கவில்லை. ஜிலேபிக் குஞ்சைத் தின்ன விரால் இல்லையே, ஜிலேபி பாட்டுக்குக் குஞ்சு போட்டுக்கொண்டே இருந்தது. ஏகாம்பரம் விட்ட கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தீனி போதவில்லை. வலை இழுத்தால் வலை நிறைய இரண்டு விரல் அகலத்தில் ஜிலேபி, நடுவில் தலை மட்டும் பெருத்த கட்லா நாலைந்து. வாங்க வந்த வண்டி அதைப் பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பியது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலனிக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. வாசலில் நின்றார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"கன்னிம்மா, ஒரு விஷயம். காலனில எல்லாரையும் தூண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் போடுங்க. எத்தினி வேணா புடிங்க, ஜிலேபி பூரா போவணும். புடிச்சத நீங்களே வித்துக்கங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

எனக்கு உள்ளே குதித்தது. கழியை ஒடித்தவன் வாசலில் வந்து நின்று கெஞ்சுகிறான், ஏரியே நம் கைக்கு வருகிறது, இதைவிட என்ன வேண்டும்? சரி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அடுத்த வருசம்?" என்று அவரைக் கேட்டாள்.

"அடுத்த வருசம் அப்ப பாத்துக்கலாம். ஜிலேபி போயிட்டா அப்புறம் எதுக்கு?"

"அப்ப நீ வான்னா வரணும், போன்னா போவணும். அது கூலிப்பா. கூலிக்கு வேற ஆளப் பாரு."

"கூலி இல்ல கன்னிம்மா, நானா தானே வந்து கூப்புடறேன். புடிச்சுக்கங்கன்னு சொல்றேன்."

"கொழம்புக்கு நாங்க தெனம்தான் புடிக்கறோம். நாளைக்கும் புடிப்போம். ஜிலேபியும் புடிப்போம், இன்னா மாட்டுதோ அத புடிப்போம். கொழம்புக்கு ஆனதும் எழுந்து வந்துடுவோம். அதுக்கு எங்கள கூப்புட நீ யாரு?"

அவர் என்னைப் பார்த்தார், நான் படித்தவள், எடுத்துச் சொல்வேன் என்று. நான் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன். அவர் போன பிறகு அம்மா, "வெயிலு ஏறுது, வா" என்று கழியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தாள்.